வீணைக்கு ஒரு மைக்

கடைக்குப் போய் "ஒரு நல்ல மைக் கொடுங்க" என்று கேட்டால், எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற கடைக்காரரிடம் வாங்காதீர்கள். கல்யாண மண்டபத்தில் அறிவிப்புச் சொல்ல ஒரு மைக், மேடையில் பாட ஒரு மைக், வீட்டில் உட்கார்ந்து வீணையைப் பதிவு செய்ய வேறொரு மைக். விலை அப்புறம். எந்தச் சத்தத்தைப் பிடிக்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

எனக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது அக்காவால். அவளுக்கு 79 வயது. கரந்தையில் இருக்கிறாள். ஒன்பது வயதில் வீணையைத் தொட்டவள். நாலைந்து வருடமாக இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கணுக்கள் வீங்கிக்கொண்டே வருகின்றன. வீணையில் மெட்டின் மேல் தந்தியை அழுத்துவதும் இழுப்பதும் அந்த இரண்டு விரல்கள்தான். "இருக்கிற வரைக்கும் வாசிங்க, ரொம்ப நேரம் வேண்டாம்" என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் முடியாது.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா 1980களிலேயே போய்விட்டார். அவர் வாசித்து ஒரு பதிவுகூட யாரிடமும் இல்லை. அவருடைய பாடாந்தரத்தில் சில கிருதிகள் நாம் ரேடியோவில் கேட்பதுபோல இருக்காது. அநுபல்லவியில் ஒரு சங்கதி கூட இருக்கும், சரணம் முடிகிற இடம் வேறாக இருக்கும். அதையெல்லாம் அப்படியே வாசிக்கத் தெரிந்தவள் இன்றைக்கு அக்கா ஒருத்திதான். நோட்டில் சுரம் எழுதி வைத்திருக்கிறாள். ஆனால் கமகத்தை நோட்டில் எழுத முடியுமா? அது காதால்தான் போகவேண்டும்.

"போன்ல பிடிச்சா போதாதா மாமா?" என்று என் மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. போனில் பதிவு செய்தும் பார்த்தோம். மீட்டுகிற சத்தம் பளிச்சென்று கேட்டது. அதற்குப் பின்னால் வரவேண்டியதுதான் கேட்கவில்லை.

காரணம் இதுதான். வீணையில் ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த நாதம் அடங்குவதற்குள் தந்தியை இழுத்து இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு சுரங்களைக் காட்டுவார்கள். மீட்டு பெரிதாக இருக்கும். இழுப்பில் வருகிற சுரங்கள் போகப்போகச் சன்னமாகிவிடும். வீணையின் அழகே அந்தச் சன்னமான வால் பகுதியில்தான் இருக்கிறது. போன் செய்யப்பட்டிருப்பதோ பேச்சுக்கு. சத்தம் பெரிதானால் தானாகக் குறைக்கும், சிறிதானால் தானாகக் கூட்டும். பல போன்களில் பின்னணி இரைச்சலை அமுக்கும் வேலையும் சேர்ந்தே நடக்கும். மெல்லத் தேய்ந்துபோகும் வீணை நாதம் அதற்கு இரைச்சல் மாதிரித்தான் தெரியும். அக்கா பாடுபட்டு இழுத்த காந்தாரத்தைப் போன் துடைத்துவிட்டது.

வீணைக்கு இது புதிய கஷ்டம் அல்ல. 1925க்கு முன்னால் இசைத்தட்டுப் பதிவில் மைக்கே கிடையாது. ஒரு பெரிய கூம்புக் குழாய் முன்னால் உட்கார்ந்து வாசிக்கவேண்டும், அந்தக் காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். உரக்கப் பாடுகிறவர்களுக்கு அது சரி. மென்மையான வாத்தியங்களுக்குச் சங்கடம். மின்சாரப் பதிவும் மைக்கும் வந்த பிறகுதான் மெல்லிய நாதங்களுக்கு விமோசனம். வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார், வந்தவர்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்து கேட்பார்கள் என்று படித்திருப்பீர்கள். மூச்சுவிடாமல் கேட்கும் அந்த ரசிகர் மாதிரி ஒரு மைக் வேண்டும். இதுதான் என் தேவை என்று முடிவுசெய்தேன். கையில் இருந்தது இருபதாயிரம் ரூபாய்.

எங்கள் தெருவில் கோயில் கச்சேரிகளுக்கு மைக்செட் போடுகிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஐயா, வாங்காதீங்க. நான் ரெண்டு கொண்டு வர்றேன், அம்மா வாசிக்கட்டும், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றார். இந்த மாதிரி ஆள் கிடைப்பது புண்ணியம்.

அவர் கொண்டுவந்த முதல் மைக் ஷூர் எஸ்எம்57. 1965லிருந்து விற்பனையில் இருக்கிறது. இது டைனமிக் வகை. உள்ளே ஒரு சின்னச் சவ்வு, அதோடு ஒட்டிய கம்பிச்சுருள், ஒரு காந்தம். சத்தம் சவ்வை அசைக்க, சுருள் காந்தத்துக்கு நடுவே ஆட, அதில் மின்சாரம் பிறக்கிறது. தனியாகக் கரண்டு கொடுக்கவேண்டாம், கீழே விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். மேடைக்கு இதைப் போல உழைக்கிற மைக் கிடையாது.

இரண்டாவது ஆடியோ டெக்னிகா ஏடி2020. இது கண்டென்சர் வகை. ஒரு மெல்லிய சவ்வும் அதன் பின்னால் ஒரு தகடும் இருக்கும். சவ்வு அசையும்போது இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மாறும், அந்த மாற்றமே சிக்னல். சவ்வோடு கம்பிச்சுருள் கனம் ஏதும் இல்லாததால் சின்ன அதிர்வுக்குக்கூட அது அசைந்துகொடுக்கும். இதற்கு 48 வோல்ட் கரண்டு வேண்டும். அது மைக் ஒயர் வழியாகவே போகும். அதனால் கம்ப்யூட்டருக்கும் மைக்குக்கும் நடுவே, அந்த 48 வோல்ட்டைக் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டி தேவை. கடையில் ஆடியோ இன்டர்பேஸ் என்று கேட்கவேண்டும்.

ஒரே அளவு சத்தத்துக்கு இந்தக் கண்டென்சர் கொடுக்கிற மின்னழுத்தம், அந்த டைனமிக் கொடுப்பதைப்போல ஏழெட்டு மடங்கு. வீணை மாதிரி மெல்லிய வாத்தியத்துக்கு டைனமிக்கை வைத்தால், பெட்டியில் சத்தத்தை மிகவும் தூக்கவேண்டும். தூக்கும்போது மலிவான பெட்டியின் "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் சேர்ந்தே ஏறும். சன்னமான கமகம் அதில் மூழ்கிவிடும்.

இதைக் காதால் தெரிந்துகொள்ள ஒரு சோதனை வைத்தோம். அக்கா ஆனந்தபைரவியில் ஒரே சிட்டையை மூன்று முறை வாசித்தாள். ஒன்று போனில், ஒன்று டைனமிக்கில், ஒன்று கண்டென்சரில். எது எது என்று சொல்லாமல் ஹெட்போனில் அவளையே கேட்கச் சொன்னோம்.

போன் பதிவைக் கேட்டு, "இது யாரோ பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். டைனமிக்குக்கு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா என் விரல் எங்க போச்சு?" மூன்றாவதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏண்டா, நான் மூச்சு விடறதுகூட கேக்குதே" என்றாள். கண்டென்சர் என்று முடிவாயிற்று.

கடையில் விசாரித்தபோது, இதைவிட மூன்று மடங்கு விலையுள்ள மைக்கை வாங்கச் சொன்னார்கள். விலை கூடிய மைக்கில் நிச்சயம் பயன் உண்டு. எல்லா மைக்குக்கும் தனக்கென்று ஒரு சொந்த இரைச்சல் இருக்கும். ஏடி2020க்கு அது 20 டெசிபல், ரோட் என்டி1-ஏ மைக்குக்கு 5 டெசிபல்தான். ஆனால் ஸ்டூடியோ போல அடைத்த அறையில்தான் அந்த வித்தியாசம் முழுதாகப் பலன் தரும். பஸ் போகிற சாலைக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் அறையில், மைக்கின் இரைச்சலுக்கு முன்னால் ஊரின் இரைச்சல் வந்து நிற்கிறது. மைக், பெட்டி, ஸ்டாண்டு, ஒயர் எல்லாம் இருபதாயிரத்துக்குள் முடிந்தது. மிச்சக் காசில் ஒரு ஹெட்போன்.

நுணுக்கமாகக் கேட்கிற மைக் வேண்டாததையும் கேட்கும். அதனால் அறையைக் கவனித்தோம். மொசைக் தரையில் இரண்டு ஜமக்காளம் விரித்தோம். எதிர்ச் சுவரில் கொடி கட்டி ரஜாயைத் தொங்கவிட்டோம். இரும்பு பீரோ மேல் கிடந்த பித்தளைச் சாமான்களை எடுத்தோம், சில சுரங்களுக்கு அவை கூடவே ரீங்காரம் போட்டன. சுவர்க்கடிகாரம் வெளியே போயிற்று. மின்விசிறி நிறுத்தம், அதனால் விடியற்காலை ஐந்து மணிதான் நேரம். ஆறு மணிக்கு மேல் காக்கையும் பால் வண்டியும் வந்துவிடும்.

மைக்கை எங்கே வைப்பது என்பதற்குத்தான் மூன்று நாள் பிடித்தது. வீணைக்கு நாதம் கிளம்புவது குடத்தின் மேல் பலகையிலிருந்து. குதிரைக்கு நேர் மேலே மைக்கை வைத்தால் மீட்டுகிற நகத்தின் சத்தம்தான் தூக்கலாக வரும். ரொம்பக் கிட்டே, நாலு விரற்கடைக்குள் வைத்தால் மந்தர ஒலி உப்பிப்போய்க் கும்மென்று கேட்கும். குடத்துக்கு முன்னால் சுமார் ஒன்றரை அடி தள்ளி, குடத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில், குதிரைக்கும் கடைசி மெட்டுகளுக்கும் நடுவே பார்த்தபடி வைத்தபோது சரியாக வந்தது. இந்த வகை மைக் முன்னால் வருவதை நன்றாகக் கேட்கும், பின்னால் இருப்பதை அதிகம் கேட்காது. சுருதிப் பெட்டியை மைக்கின் முதுகுப்புறம் வைத்தோம். அக்காவுக்குச் சுருதி கேட்டது, பதிவில் வேண்டிய அளவே விழுந்தது. தந்தியில் விரல் கிரீச்சிடுவதற்கு மைக்கை மாற்றிப் பயன் இல்லை. விரலில் வழக்கம்போல் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டாள், தீர்ந்தது.

பதிவின் அளவையும் சொல்லிவிடுகிறேன். மிகப் பெரிய மீட்டுக்கும் மீட்டர் -12ஐத் தாண்டாதபடி வைத்தோம். சத்தம் குறைவாக இருந்தால் பின்னால் கூட்டிக்கொள்ளலாம், உடைந்த சத்தத்தை ஒட்டவைக்க முடியாது. எம்பி3 ஆக அல்லாமல் டபிள்யூஏவி கோப்பாக, 24 பிட்டில் சேமித்தோம்.

வேறு வாத்தியக்காரர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. வயலினுக்கு இதே மைக் போதும், வாத்தியத்துக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடியில் வையுங்கள். புல்லாங்குழலுக்கு ஊதுகிற துளைக்கு நேராக வைத்தால் காற்றுதான் விழும், சற்று மேலே தள்ளி வையுங்கள். மிருதங்கம், நாதஸ்வரம் போல முழக்கமான வாத்தியங்களுக்கு டைனமிக் மைக்கே தாராளம். குதிரைக்குப் பக்கத்தில் ஒட்டுகிற கான்டாக்ட் மைக் சபாவில் உதவும். அது காற்றில் வருவதை விட்டுவிட்டு மரத்தின் அதிர்வைப் பிடிப்பதால் மேடையில் ஊளையிடாது. ஆனால் வீட்டுப் பதிவுக்கு அது கம்பிச் சத்தமாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரே வேண்டாம் என்பவர்களுக்கு, மைக்கோடு சேர்ந்து வருகிற கையடக்க ரெக்கார்டர்கள் இருக்கின்றன. பேட்டரி போட்டு, பொத்தானை அழுத்தினால் போதும்.

தை முதல் சித்திரை வரை நாளுக்கு ஒன்று, முடியாத நாளில் பாதி என்று வாசித்தாள். இரண்டு வர்ணம், இருபத்தேழு கிருதி. யதுகுல காம்போதியில் ஒன்றைப் பாதியில் நிறுத்தி, "இரு, டீச்சரம்மா இப்படி முடிக்க மாட்டாங்க" என்று வாயால் பாடிப் பார்த்துவிட்டுத் திரும்ப வாசித்தாள். அந்தப் பேச்சை நான் வெட்டவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ராகம், தாளம், தேதி எழுதி, இரண்டு தனித்தனி டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். ஒன்று என்னிடம், ஒன்று அவள் பேத்தியிடம். பெங்களூரில் இருக்கும் அந்தப் பெண் மெதுவாக ஓடவிட்டுக் கேட்டுக் கேட்டு, முதல் நாலு கிருதிகளை விரலில் ஏற்றிவிட்டாளாம்.

ஆடி மாதத்திலிருந்து அக்கா வீணையை எடுப்பதில்லை. உறை போட்டு மூலையில் சாய்த்திருக்கிறது. ஆனால் பாடம் முழுதும் நினைவில் இருக்கிறது, பேசச் சலிப்பதும் இல்லை. எந்தக் கிருதியை எப்போது, எப்படிக் கற்றாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, வரும் வாரத்திலிருந்து அதையும் பதிவு செய்யப் போகிறேன். அதே மைக்தான். பேச்சுக்கு வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும்.