தாராபுரத்து முகம்

'ஜனவரி 31 நாகேஷ் நினைவு நாள். டாப் 10 காமெடி லிஸ்ட், ஒரு போட்டோ கார்டு, ஒரு நிமிஷ வீடியோ. வீடியோவுல இந்த முறை நீயே பேசிடு.'

அலுவலக வாட்ஸ்அப்பில் இந்த மெசேஜ் வந்தபோது, சிங்காநல்லூரில் தாராபுரம் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டுக்கும் 'ஓகே' போட்டேன். மூன்றாவதைப் பார்க்காத மாதிரி போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் வந்த பரு, போகும்போது இரண்டு கன்னத்திலும் குழி பறித்துவிட்டுப் போனது. இதழியல் டிப்ளமோ முடித்த கையோடு, ஓரிடத்தில் செய்தி வாசிப்புக்கு ஆடிஷன் போனேன். படித்து முடித்ததும், "வாய்ஸ் சூப்பர்ம்மா. டெஸ்க் வேலைக்கு ட்ரை பண்ணுங்களேன்" என்றார்கள். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் டெஸ்க். என் எழுத்து வரும், சில சமயம் குரல் வரும். முகம் வராது.

தாராபுரத்தில் அப்பிச்சி இருக்கிறார். அம்மாவின் அப்பா. வயது 78. விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "நாகேஷா? நம்மூர்க்காரனாச்சே கண்ணு!"

உண்மைதான். 1933-ல் தாராபுரத்தில், கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர் நாகேஷ். அவர் பிறந்தபோது இந்த ஊர் கோவை மாவட்டம். 2009-ல் அவர் இறந்தபோது ஈரோடு மாவட்டம். அடுத்த மாதமே திருப்பூர் மாவட்டமாகிவிட்டது. மாவட்டம் எதுவானாலும், அப்பிச்சிக்கு அவர் 'நம்மூர்க்காரன்'.

லிஸ்ட்டைப் படித்துக் காட்டினேன். 'காதலிக்க நேரமில்லை' செல்லப்பா, 'திருவிளையாடல்' தருமி, 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி...

"சுந்தரத்த எங்க காணோம்?"

"அது அழுகாச்சிப் படமாச்சே அப்பிச்சி. காமெடிதான் கேட்டிருக்காங்க."

"அழுகாச்சியா? டூரிங் கொட்டாயில அதுக்குத்தான் அத்தன சிரிச்சோம். கடைசிலதான் எல்லாம் கம்முனு எந்திரிச்சு வந்தோம். போடு பாக்கலாம்."

லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து 'சர்வர் சுந்தரம்' போட்டேன். ஹோட்டல் சர்வர் ஒருவன் சினிமா நடிகனாகிப் பெரிய ஆளாகிறான். அவன் நேசித்த பெண்ணின் மனதில் இருப்பது அவனுடைய நண்பன். கடைசியில் அம்மா சாகக் கிடக்கும்போது ஷூட்டிங்கில் மாட்டிக்கொள்கிறான். இதே கதையை கே.பாலசந்தர் முதலில் நாடகமாகத்தான் போட்டார், அதிலும் நாகேஷ்தான் சுந்தரம். 1964-ல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமானது.

நான் கதையைவிட அவர் கன்னங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மைத் தழும்பு. மேக்கப்பையும் மீறித் தெரிகிறது. சென்னையில் ரயில்வே எழுத்தராக இருந்தவர் அவர். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாக ஒரே காட்சியில் வந்து, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆரிடமே பாராட்டு வாங்கினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. நான் யோசித்தது வேறு. அன்றைக்கும் கேமராவுக்குப் பின்னால் நின்ற யாராவது ஒருவர், 'குரல் நல்லா இருக்கு தம்பி' என்று ஆரம்பித்திருக்க மாட்டாரா?

அந்த முகத்தை நாயகனாக வைத்துத்தான் பாலசந்தர் தன் முதல் படமான 'நீர்க்குமிழி'யை 1965-ல் எடுத்தார். மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கும் அநாதை மாதுவாக 1968-ல் 'எதிர்நீச்சல்'. இவை எதுவும் என் டாப் 10-ல் இல்லை.

தேடத் தேட விட்டுப்போனவைதான் அதிகம். 1985-ல் மகன் ஆனந்த்பாபுவை வைத்து 'பார்த்த ஞாபகம் இல்லையோ' என்ற படத்தை அவரே இயக்கியிருக்கிறார். தலைப்பே நம்மைப் பார்த்துக் கேட்பதுபோல இருக்கிறது. 'இயக்குநர் நாகேஷ்' என்று நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லன். 'மகளிர் மட்டும்' படத்தில் பிணம்! வசனமே இல்லாமல் தியேட்டரைச் சிரிக்க வைத்தார். அதே 1994-ல் வந்த 'நம்மவர்' படத்துக்குத்தான் தேசிய விருது. காமெடிக்காக இல்லை. மகளைப் பறிகொடுத்த அப்பாவாக நடித்ததற்கு. பத்ம விருது எதுவும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. இதை எழுதும்போது கொஞ்சம் கோபம்தான் வருகிறது.

படம் முடிந்ததும் அப்பிச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்துப் படத்துலயும் சிரிக்கறதத்தான் போடுவியா?" என்றார்.

லிஸ்ட்டில் மூன்றைத் தூக்கிவிட்டு சுந்தரம், மாது, 'நம்மவர்' அப்பா மூவரையும் சேர்த்தேன். தலைப்பில் இருந்த 'காமெடி'யை எடுத்துவிட்டேன். டெஸ்க்கில் திட்டு விழலாம்.

பிறகு போனை அப்பிச்சி கையில் கொடுத்தேன். "இந்தச் சிவப்புப் புள்ளிய அமுக்குங்க. நான் பேசி முடிக்கற வரைக்கும் ஆட்டாதீங்க."

"உன்ற மூஞ்சி தெரியோணுமா, வீடு தெரியோணுமா?"

"மூஞ்சிதானுங்க அப்பிச்சி."

முதல் டேக்கில் முழுக்க அவர் கட்டைவிரல்தான் இருந்தது. இரண்டாவதை அனுப்பியிருக்கிறேன்.