நாற்பத்தாறு வயதில் ஓர் ஓட்டம்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் "ஓடினோம்" என்று சொன்னால், "எந்த வருசம்?" என்றுதான் மற்றவள் கேட்பாள். 1990, 1995, 2009 என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கணக்கு உண்டு. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனங்களோடு நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது எனக்குப் பதினேழு வயது. அதன் பிறகு ஓட்டம் என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. அப்படிப்பட்ட நான் 2024ஆம் ஆண்டு கொழும்பில் அரைமரதன் ஓடினேன். அது எப்படி நடந்தது என்று சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முழு மரதன் 42.195 கிலோமீற்றர். அரைமரதன் அதில் பாதி, 21 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்கு உள்ள தூரத்தைவிட அதிகம். பெண்ணின் உடம்பு இவ்வளவு தூரத்தைத் தாங்காது என்றுதான் உலகம் நெடுங்காலம் சொல்லி வந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்ததே 1984இல், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில்தான்.

நான் தொடங்கியது ஓடுவதற்காக அல்ல. இரத்தத்தில் சீனி கூடுகிறது, தினமும் நடவுங்கோ என்று கிளினிக்கில் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் விடியற்காலையில் பண்ணைப் பக்கம் நடக்கத் தொடங்கினோம். இரண்டு மாதம் போனபின் ஒரு நிமிடம் ஓடி, நான்கு நிமிடம் நடந்து பார்த்தோம். கதைத்துக்கொண்டு ஓட முடிந்தால் அதுதான் சரியான வேகம். மூச்சு முட்டிக் கதை நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

முதல் நாட்களில் எனக்குக் கால் வலியைவிடப் பெரிய தொல்லை நெஞ்சுப் படபடப்பு. இதயம் வேகமாக அடித்தால் பழைய பயமும் கூடவே வந்தது. செல் சத்தம் காதில் கேட்பதுபோல இருக்கும். அந்த நேரம் அக்கா, "நில்லு, நிண்டு மூச்சு விடு. இப்ப விருப்பமெண்டால் நடக்கலாம்" என்பா. விருப்பப்பட்ட இடத்தில் நிற்கலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. பல வாரங்கள் சென்ற பிறகே, இது களைப்பில் அடிக்கும் இதயம், பயத்தில் அடிக்கும் இதயம் அல்ல என்று உடம்புக்கு விளங்கியது. பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வந்தால் என்ன செய்வது என்று இப்போது தெரியும்.

பின்பு கிழமைக்கு மூன்று நாள் ஓடினோம். இரண்டு நாள் குறைந்த தூரம், ஞாயிறு நீண்ட தூரம். ஐந்து கிலோமீற்றரில் தொடங்கி, ஞாயிறு ஓட்டத்தில் வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டினோம். நான்காவது வாரம் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுத்தோம். அல்லைப்பிட்டிப் பக்கம் சோளகக் காற்று முகத்தில் அடிக்கும்போது கால் நகராது. சீட்டுக் காசில் நல்ல சப்பாத்து வாங்கினேன். புறப்படுமுன் ஒரு வாழைப்பழம், வழியில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், வந்த பிறகு கஞ்சியும் அவித்த பயறும். வீட்டுக்கு வெளியே கதையும் எழுந்தது. "குமர்ப்பிள்ளையை வைச்சுக்கொண்டு இவவுக்கு என்ன ஓட்டம்?" என்றார்கள். அந்தக் குமர்ப்பிள்ளைதான் விடிய எழும்பித் தேத்தண்ணி வைத்துத் தந்தாள்.

கொழும்பில் விடியுமுன் ஓட்டம் தொடங்கியது. 17ஆவது கிலோமீற்றரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கொஞ்சத் தூரம் நடந்தேன். கையில் மூட்டை இல்லை, பின்னால் துரத்துபவர் இல்லை, முடிகிற இடம் எதுவென்று தெரியும். இந்த மூன்றையும் நினைத்தபோது அழுகை வந்தது. அழுதுகொண்டே திரும்ப ஓடினேன். 2 மணி 52 நிமிடத்தில் முடித்தேன்.

யுத்தத்தால் ஊரைவிட்டு ஓடிய இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். தென் சூடானில் பிறந்து, கென்யாவின் கக்குமா அகதி முகாமில் வளர்ந்த ரோஸ் நாத்திகே லொகொன்யென். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் கொடியை ஏந்திச் சென்றவள் அவளே. அங்கு 800 மீற்றர் ஓட்டத்திலும் பங்குபற்றினாள்.

எல்லோரும் 21 கிலோமீற்றர் ஓட வேண்டியதில்லை. உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள், செயற்கைக் கால் போட்டவர்கள், பிறசர் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். இரத்தம் குறைவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தனியே போகாமல் துணையோடு போங்கள். கண்ணிவெடி முழுதாக அகற்றப்படாத பகுதிகளில் வீதியை விட்டு இறங்காதீர்கள். இருபது நிமிட நடையோடு தொடங்குங்கள். அடுப்பு மூட்டுமுன் கிடைக்கும் அந்த இருபது நிமிடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.