மாமல்லைக்கு ஒரு நாள்

வரும் ஞாயிறு பிள்ளைகளோடு மாமல்லபுரம் போகிறோம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கி.மீ. தான். விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை; காலை வெயில் விழும்போது பெரிய யானையின் காலடியில் நிற்கும் குட்டிகள்வரை துலக்கமாகத் தெரியும். அங்கே அவசரப்படவே கூடாது. தவம் செய்யும் பூனையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

ஐந்து ரதங்களையும் ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலையும் வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். மாலையில் சாளுவன்குப்பம். 2004 சுனாமிக்குப் பிறகு நடந்த அகழாய்வில் மணலுக்கடியிலிருந்து வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயில் அங்கே, புலிக்குகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பலரும் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுவதில் எனக்குப் பெரிய வருத்தம்.

நீங்கள் போனால் அங்கேயும் ஒரு அரைமணி நேரம் நில்லுங்கள். சிற்பங்கள்மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.