நெஞ்சு படபடப்பு

சென்ற ஆண்டு விலங்கியல் செய்முறைத் தேர்வு. ஸ்பாட்டர் வரிசையில் மூன்றாவது புட்டியின் முன் நின்றிருந்தேன். திடீரென நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. மூச்சு போதவில்லை. விரல்கள் மரத்தன; உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போலிருந்தது. செத்துவிடப் போகிறேன் என்றே நம்பினேன். புட்டிக்குள் இருந்த கடற்குதிரை மட்டும் சலனமின்றி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் தந்தை கல் உடைப்பவர். வட்டிக்குப் பணம் வாங்கி ஈ.சி.ஜி. எடுக்க வைத்தார். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்றார். அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினாள். மறுவாரம் பேருந்தில் மீண்டும் அதே கதி. ஒன்றுமில்லாதது எப்படி இரண்டாம் முறை வரும்?

அதன்பின் பயம் வந்துவிடுமோ என்றே பயந்தேன். பேருந்தில் படிக்கட்டோரம், வகுப்பில் வாசலோரம். பிறகு வருவதையே நிறுத்தினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "கல் உடைக்க நானும் வருகிறேன்" என்றபோது அப்பா பதிலே சொல்லவில்லை. அன்று அவர் சாப்பிடவுமில்லை.

என்னைத் தேடி விசாரித்த விரிவுரையாளர் ஒருவர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். 'எனக்கென்ன பைத்தியமா?' என்று உள்ளுக்குள் கோபம்தான். போனேன். அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக எல்லாம் கேட்டு, இதற்குப் பீதிக் கோளாறு என்று பெயர் சொன்னார். ஆபத்தே இல்லாத நேரத்தில் உடல் ஆபத்துக்கான மணியை அடிக்கிறது. அட்ரினலின் சுரந்து இதயம் விரைகிறது. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் மரக்கிறது. சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறித் தானே இறங்கிவிடும். இதே அட்ரினலினைப் பற்றித் தேர்வில் ஒன்றரைப் பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்!

ஏமாந்தவன் நான் மட்டுமல்லன். அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் இத்தகைய படபடப்பைக் கண்ட டா காஸ்டா என்ற மருத்துவர், 1871-இல் அதை இதயக் கோளாறாகவே எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பீதிக் கோளாற்றைத் தனியாகப் பிரித்தது 1980-இல்தான்.

மருந்து சிலருக்கு உண்டு. எனக்கு வேறொரு வைத்தியமும் சொன்னார்: மாடிப்படியில் ஓடி ஏறி, வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க வைத்து, அது அடங்கும்வரை நின்று பார்க்க வேண்டும். கல்லூரி மாடியில் நான் ஓடியதைக் கண்டு சிரித்த நண்பர்களுக்கு இப்போது காரணம் புரிந்திருக்கும்.

பதற்றத்தில் வேறு வகைகளும் உண்டு. நாலு பேர் முன் பேசவோ சாப்பிடவோ கூசி ஒதுங்கிப் போவது சமூகப் பதற்றம். கருத்தரங்கு நாளில் மட்டும் காய்ச்சல் வரும் நண்பர்களைக் கேலி செய்யுமுன் இதை நினைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்திற்கும் மேலாக, எதற்கெடுத்தாலும், பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாமல் கவலைப்பட்டு, தூக்கம் கெட்டு உடல் சோர்வது பொதுப் பதற்றக் கோளாறு. நேரில் போகத் தயங்குவோர் 2022 முதல் இயங்கும் டெலி மனாஸின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா நினைவு வந்தது. மழை, ஆடு, வட்டி, நான் ஏறும் பேருந்து என்று இரவெல்லாம் விழித்திருப்பாள். நோய்ப்பெயர் வைக்க நான் மருத்துவனல்லன். வரும் செவ்வாய்க்கிழமை என்னோடு மருத்துவமனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். "எனக்கென்னடா, ஒன்றுமில்லை" என்கிறாள். ஆனாலும், எத்தனை மணிப் பேருந்து என்று நேற்று கேட்டாள்.