பெரியமேட்டில் ஒரு இரும்புக் கவசம்!

பாஸ், உங்களுக்கு ஒரு கேள்வி. சென்னையில் இரும்புக் கவசம் செய்ய எந்தத் தெருவுக்குப் போவீங்க? பாரிமுனை? பட்டறைகள் இருக்கிற அம்பத்தூர்? ரெண்டுமே தப்பு. செருப்புக்கு அடிப்பாகம் விக்கிற தெருவுக்குப் போகணும்!

சென்ட்ரல்ல இறங்குங்க. ரிப்பன் மாளிகையைத் தாண்டி, நேரு ஸ்டேடியம் ஓரமா வலது பக்கம் திரும்பினா சிடன்ஹாம்ஸ் ரோடு. அப்படியே உள்ளே நுழைஞ்சா பெரியமேடு. போர்டு பார்க்கத் தேவையில்ல, மூக்கே சொல்லிடும். தோல் வாசனை பாதி, பசை வாசனை பாதி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில பதப்படுத்தற தோலுக்குச் சென்னையில இருக்கிற பழைய சந்தை இது. ஷூ செய்ய என்னென்ன வேணுமோ அத்தனையும் இந்தச் சந்துகள்ல கிடைக்கும். பக்கிள், நாடா, வெல்க்ரோ, ஜிப், ரிவிட்... அப்புறம் நம்ம ஹீரோ, ஈவா ஷீட்.

'எத்திலீன் வினைல் அசிடேட்'ங்கிறதோட சுருக்கம்தான் ஈவா. நீங்க போட்டிருக்கிற ஹவாய் செருப்போட அண்ணன் தம்பின்னு வெச்சுக்கோங்க. கத்தியில வெட்டலாம், சூடு காட்டி வளைக்கலாம், ஆறினா அந்த வடிவத்திலேயே நிக்கும். உலகம் முழுக்க காஸ்ப்ளே பண்றவங்க கவசம் செய்யறது பெரும்பாலும் இதுலதான்.

எனக்கு இந்தப் பித்து பிடிச்சது 2024-ல். சென்னைக்கு முதல் தடவையா காமிக் கான் வந்து, நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல நடந்துச்சு. சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். அங்கே ஒருத்தர் தலை முதல் கால் வரை கவசத்தோட நடந்து வந்தார். இரும்புன்னு நினைச்சுத் தொட்டுப் பார்த்தா... பஞ்சு மாதிரி அமுங்குது! அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் போச்சு. 2001-ல் வந்த 'ஹாலோ' கேமின் ஹீரோ மாஸ்டர் சீஃப்போட பச்சைக் கவசத்தை நானே செய்யறதுன்னு முடிவு பண்ணினேன்.

முதல் கவசத்தைப் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன். மானப் பிரச்னை. பக்கத்துக் காலேஜ் கல்ச்சுரல்ஸ். நண்பனோட கார் டிக்கியில கவசத்தைப் போட்டு, வெயில்ல மூணு மணி நேரம் நிறுத்திட்டோம். மேடை ஏறினேன். நாலாவது அடியில வலது தோள்பட்டை வாயைப் பிளந்தது. ஆறாவது அடியில மார்புத் தகடு நடுவுல பிரிஞ்சு, உள்ளே போட்டிருந்த பனியன் தெரிஞ்சது. கூட்டத்துல ஒருத்தன் ''மச்சான், பார்சல் பிரிஞ்சிடுச்சுடா!''ன்னு கத்தினான். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆச்சு. ஹாஸ்டல்ல ஒரு மாசத்துக்கு என் பேரே 'பார்சல்'.

மெஸ்ஸுக்கு ஒழுங்கா போகாம மிச்சம் பிடிச்ச 2,500 ரூபா சார்! அழுகை வராத குறைதான். பிரிஞ்ச தோள்பட்டையைப் பையில சுருட்டிக்கிட்டு மறுபடி பெரியமேட்டுக்கே போனேன், ''மட்டமான ஷீட்டைக் கொடுத்துட்டீங்க''ன்னு சண்டை போட. கடை பாய் கோபப்படல. ''பின்னாடி அண்ணன் இருக்காரு, அவர்கிட்ட காட்டு''ன்னு சொன்னார்.

பின்னாடி ஒரு சின்ன அறை. ஒத்தை மின்விசிறிக்குக் கீழே ஒருத்தர் செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டிக்கிட்டு இருந்தார். வயசு ஐம்பதுக்கு மேல இருக்கும். என் தோள்பட்டையை வாங்கி, பிரிஞ்ச விளிம்பைக் கட்டை விரலால ஒரு தடவு தடவினார்.

''தம்பி, சொல்யூஷன் தடவுன உடனே ஒட்டிட்டியா?''

''ஆமாண்ணே.''

''ரெண்டு பக்கமும் தடவுனியா?''

''ஒரு பக்கம்தான்...''

''உப்புத்தாள் போட்டியா?''

நான் பதில் சொல்லல.

அப்புறம் அவர் சொன்னது எந்த வீடியோவிலயும் நான் கவனிக்காத விஷயம். ஈவா ஷீட்டோட மேல்பக்கம் வழவழன்னு ஒரு தோல் மாதிரி இருக்கும். அதுல பசை உக்காராது. உப்புத்தாளால லேசா சொரசொரப்பாக்கணும், தூசியைத் துடைக்கணும், ரெண்டு பக்கமும் மெல்லிசா சொல்யூஷன் தடவணும். அப்புறம்தான் முக்கியம், சும்மா இருக்கணும். பத்து பதினஞ்சு நிமிஷம். விரல் வெச்சா ஒட்டக் கூடாது, ஆனா இழுக்கிற மாதிரி இருக்கணும். அப்போ ரெண்டையும் சேர்த்தா அதோட சரி. கோணலா வெச்சுட்டா மறுபடி எடுத்து வைக்க வாய்ப்பே கிடையாது. அவசரத்துல நான் ஈரத்தோட ஒட்டியிருந்தேன். உள்ளே மாட்டிக்கிட்ட திரவம் காயவே இல்ல, டிக்கி சூட்டுல இளகிடுச்சு.

''இது எதுக்குப்பா?''ன்னு கேட்டார். போன்ல மாஸ்டர் சீஃப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ''ஓ... எங்க ஊர் கூத்துல கட்டை கட்டுவாங்களே, அது மாதிரி!''

அவருக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம். கட்டைக்கூத்துக்குப் பேரே அந்த மர அணிகலன்களால வந்ததுதான். கிரீடம், தோள்ல புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் எடை குறைஞ்ச மரத்துல செய்வாங்க, மேலே கலர் பேப்பர், கண்ணாடித் துண்டு ஒட்டுவாங்க. அதைக் கட்டிக்கிட்டு விடிய விடிய ஆடணுமே! பார்க்க ராஜா மாதிரி இருக்கணும், சுமக்க லேசா இருக்கணும். என் பிரச்னையும் அதேதானே. பில் கேட்ஸ் ஆரம்பிச்ச கம்பெனியோட கேமுக்கும் செய்யாறுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நான் கனவுலகூட நினைச்சதில்ல.

ரெண்டாவது கவசத்துக்கு வருவோம். நீங்க செய்யறதா இருந்தா இங்கேருந்து கவனிங்க.

முதல்ல அளவு. பழைய டி-ஷர்ட் போட்டு, மேலே கிளிங் ஃபிலிம் சுத்தி, அதுக்கு மேலே மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஒரு மம்மி மாதிரி நில்லுங்க. ரூம்மேட்டை விட்டு மார்க்கர்ல கோடு போடச் சொல்லுங்க. அப்புறம் அதை வெட்டி எடுத்து, தரையில தட்டையா விரிச்சா அதுதான் பேட்டர்ன். வலது பாதி மட்டும் செய்ங்க. இடது பாதிக்கு அதையே திருப்பிப் போட்டா போதும். ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் கிராபிக்ஸ்ல 'டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ்'னு ஒரு சமாச்சாரம் வருமே, சிலிண்டரையும் கூம்பையும் விரிச்சு வரையறது? அதேதான்! எதுக்குடா இதைப் படிக்கிறோம்னு திட்டிக்கிட்டே அரியர் வெச்ச பேப்பர், கடைசியில தோள்பட்டையா வந்து நின்னது.

மார்புக்கும் தோளுக்கும் 10 மி.மீ., மத்ததுக்கு 5 அல்லது 6, விளிம்பு வேலைக்கு 2 மி.மீ. இந்தக் கணக்கு போதும். கடையில 'சோல் ஷீட்'னு மொட்டையா கேட்டா கல்லு மாதிரி இருக்கிறதைக் கொடுப்பாங்க. கையால மடக்கிப் பார்த்து வாங்குங்க. கத்தி பிளேடை அடிக்கடி உடைச்சுப் புதுசாக்குங்க. மொன்னை பிளேடு ஃபோமை வெட்டாது, பிய்க்கும். மூலைகள்ல 45 டிகிரி சாய்ச்சு வெட்டினா ரெண்டு துண்டும் கோணத்துல கச்சிதமா சேரும்.

ஹீட் கன் காட்டும்போது ஒரு மேஜிக் நடக்கும். மேல்பரப்பு லேசா பளபளத்து இறுகிடும். கத்தியால பாதி ஆழத்துக்குக் கீறி வெச்சிருந்தா, சூடு பட்டதும் அந்தக் கோடு தானா வாயைத் திறந்து, தகடுகள் சேர்ந்த இணைப்பு மாதிரி ஆயிடும். சூடா இருக்கும்போதே தொடை மேல வெச்சு அமுக்கிப் பிடிங்க (பேன்ட் போட்டுக்கிட்டு. அனுபவம்!). ஒண்ணு மட்டும் சீரியஸா சொல்றேன்: சொல்யூஷன் வேலையையும் ஹீட் கன் வேலையையும் மூடின ரூம்ல பண்ணாதீங்க. அந்தப் புகை தலைவலியில ஆரம்பிக்கும். நான் மொட்டை மாடிக்கு மாறிட்டேன். உப்புத்தாள் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம்.

ஹெல்மெட்டுக்காக ரெண்டு தெரு சுத்தினேன். மாஸ்டர் சீஃப்போட தங்க நிற முகக் கண்ணாடிக்கு ஜி.பி. ரோடு. பைக் ஹெல்மெட்டோட கோல்டு வைசர் வாங்கி அளவா வெட்டிக்கிட்டேன். மூச்சுக்காத்து பட்டு உள்பக்கம் பனி மூடுமே? அதுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல 5 வோல்ட் குட்டி ஃபேன் ரெண்டு. பவர் பேங்க்ல ஓடுது. ஞாயித்துக்கிழமை போய் ஏமாறாதீங்க, பாதிக் கடை பூட்டியிருக்கும்.

பெயின்ட் அடிக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச கட்டம். ஃபோம் பெயின்ட்டைக் குடிச்சிடும், அதனால முதல்ல அடைக்கணும். வெள்ளைப் பசையைத் தண்ணியில கலந்து நாலு கோட்டிங். முழங்கை, முழங்கால் மாதிரி வளையற இடத்துல தடிமனா பூசாதீங்க, விரிசல் விடும். அப்புறம் கறுப்பு, அதுக்கு மேல சில்வர், அதுக்கு மேல பச்சை. காஞ்சதும் விளிம்புகள்ல பச்சையை லேசா தேய்ச்சு எடுத்தா அடியில இருக்கிற சில்வர் எட்டிப் பார்க்கும். நீர்த்த கறுப்பை இடுக்குகள்ல விட்டுத் துணியால துடைச்சா எண்ணெய் அழுக்கு ரெடி. எங்கே வேணா கீறல் போடக் கூடாது. நிஜமா சண்டை போட்டா எங்கே உரசும்னு யோசிங்க. முட்டி, முன்கை, தோள் விளிம்பு. முதுகு நடுவுல கீறல் இருந்தா ஓடிப்போன வீரன்னு அர்த்தம்!

இந்தத் தடவை எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ். 'பார்சல்'னு கத்தத் தயாரா முதல் வரிசையில ஒரு கும்பலே உக்காந்திருந்தது. ரெண்டரை மணி நேரம் போட்டிருந்தேன். ஃபோம் சூட்டை வெளியே விடாது. உள்ளே இட்லிப் பானை. ஸ்ட்ரா வெச்ச பாட்டில்ல நண்பன் தண்ணி கொடுத்துக்கிட்டே இருந்தான். உக்கார முடியாது, பாத்ரூம் போறதுன்னா இருபது நிமிஷம் ஆகும். ஆனா ஒரு இணைப்புகூட விடல. பரிசு எதுவும் கிடைக்கல, டான்ஸ் டீம் தட்டிட்டுப் போயிட்டாங்க. 'பார்சல்' மட்டும் யாரும் கத்தல.

மறுநாள் முன்கைக் கவசத்தை மட்டும் எடுத்துக்கிட்டு பெரியமேடு போனேன். அண்ணன் கையைத் துடைச்சிட்டு வாங்கினார். முதல்ல இணைப்பைத்தான் பார்த்தார். நகத்தால நெம்பினார், அசையல. ''ம்...''னு ஒரு சத்தம். அப்புறம் தன் கையில மாட்டி, வெல்க்ரோவை இறுக்கினார். சட்டுனு எழுந்து, மின்விசிறிக்குக் கீழே இருந்த அந்த ரெண்டடி இடத்துல துரியோதனன் மாதிரி ஒரு கிறுகி சுத்தி, காலைத் தட்டி நின்னார். முன்பக்கக் கடையில இருந்து பாய் எட்டிப் பார்த்து, ''என்னய்யா அது?''ன்னார்.

''சும்மா இரு பாய்''ன்னு சொல்லிட்டு, அண்ணன் இன்னொரு சுத்து சுத்தினார்.