பிரியாத கையொப்பம்

என் தங்கையும் அவள் கணவரும் மணமுறிவு வழக்காடுகின்றனர். இருவரும் கையொப்பமிட்டு, வீட்டை ஈடுவைத்துப் பெற்ற கடனில் இரண்டு தவணைகள் நிலுவையாயின. “குடியிருப்பவளே கட்டட்டும்” என்றார் அவர். “பாதியே என் பொறுப்பு” என்றாள் இவள்.

ஆனால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, இருவரில் எவரிடமும் முழுத்தொகையையும் வங்கி கேட்கலாம். கூடுதலாகச் செலுத்தியவர் மற்றவரிடம் அவர் பங்கைக் கோரலாம். நிலுவை 90 நாள்களுக்கு மேல் நீடித்தால் அது வாராக்கடன். பின்னர் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அறிவிப்பு. அதற்கும் அசையாவிடில் வீடே பறிபோகலாம்.

இதனை விளக்கியதும், தங்கை தன் வளையல்களை விற்று நிலுவையைத் தீர்த்தாள். பற்றுச்சீட்டுகளை வழக்கறிஞரிடம் ஒப்படைத்தாள்.

அன்பர்களே, வழக்கு முடியும்வரை கடன் காத்திராது. மனம் இசையாவிடினும் தவணைநாளிலேனும் இசையுங்கள். அக்கூரையின்கீழ் உறங்குவோர் உங்கள் குழந்தைகளன்றோ!