தாளம் மாறலாம், தடம் மறையலாமா?

நாட்டுப்புறப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பர். நடவு வயலிலும் இழவு வீட்டிலும் வாய்வழியே வளர்ந்த அப்பாடல்கள், இன்று 'ரீமிக்ஸ்' எனப்படும் மறுகலவையால் நடன அரங்கும் ஏறுகின்றன. இது வளர்ச்சியா, சிதைவா?

2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' இதற்குத் தக்க சான்றாகும். தீயும் தெருக்குரல் அறிவும் பாடிய அப்பாடலில் ஒப்பாரியும் ராப் நடையும் கைகோத்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அதன் வேர். அவ்வாண்டிலேயே பிரெஞ்சுக் கலைஞர் டி.ஜே. ஸ்நேக் அதனை மறுகலவை செய்தார். புதுத்தாளம் பாடலைக் கடல் கடத்தியது, பழுதில்லை. ஆனால், ஆகஸ்டில் அப்பாடலின் புகழைப் பேசிய ஓர் இசையிதழின் அட்டையில் அறிவின் உருவம் இல்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே அவருக்கெனத் தனி அட்டை வந்தது.

எழுதியவர் பெயர் அறியப்பட்ட பாடலுக்கே இந்நிலையெனில், பால்மரக் காட்டில் தாலாட்டுப் பாடிய பெயரறியாத் தாய்மாரின் நிலை என்னாகும்? மாணவர் தம் பாட்டியின் பாடலைப் பதிவு செய்யட்டும். பாடியவர் பெயரையும் ஊரையும் அருகே எழுதி வைக்கட்டும். அதன்பின் எத்தாளத்தோடும் கலக்கட்டும்.